குட்டையாகும் ஸ்பிரிங்

பிரேக் பிடித்ததும் மூக்கைக் குத்திக்கொண்டு குனிகிற பழைய புல்லட்டை எந்தப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் நடப்பது ஒன்றுதான். மெக்கானிக் ஹேண்டில்பாரைப் பிடித்து இரண்டு முறை அழுத்திப் பார்ப்பார். "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சுண்ணே, கொஞ்சம் ஹார்டா போட்டுடலாம்" என்பார். கொஞ்சம் தடித்த கம்பியில் செய்த ஒரு ஜோடி ஃபோர்க் ஸ்பிரிங் வரும். மாட்டியதும் வண்டி குனியாது. ஆனால் சாலையில் கிடக்கும் சிறு கல்லைக்கூட மணிக்கட்டு எண்ணத் தொடங்கிவிடும்.

அந்த மெக்கானிக் பார்த்த நோய் உண்மையானது. அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. எஃகு ஸ்பிரிங் வயதாவதால் வலுவிழப்பதில்லை. நாற்பது ஆண்டு ஓடிய ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க அது புதிதாக இருந்தபோது எவ்வளவு விசை தேவைப்பட்டதோ, இன்றைக்கும் அநேகமாக அதே விசைதான் தேவைப்படும். மாறியது அதன் நீளம். அது குட்டையாகியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பழைய வண்டிக்கு எந்த ஸ்பிரிங் வேண்டும் என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அந்த அளவுக்கு எதிர்விசை காட்டும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676-லேயே கண்டுவிட்டார். ஆனால் வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதே என்று எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் புதிராகத்தான் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து, 1678-ல், அவரே அதை அவிழ்த்தார். அந்த விசைக்கும் அமுக்கத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் விறைப்பு என்கிறோம். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 6 நியூட்டன் விசை தேவையென்றால் விறைப்பு 6. பத்து நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ எடை.

இந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது? சுருள் ஸ்பிரிங்கை அமுக்கும்போது கம்பி வளைவதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் கம்பி முறுக்கப்படுகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது இரு கைகளும் எதிரெதிராகத் திருகுவதுபோல, ஸ்பிரிங்கின் ஒவ்வொரு துண்டுக் கம்பியும் தன் அச்சைச் சுற்றித் திருகப்படுகிறது. ஆகவே விறைப்பைத் தீர்மானிப்பவை நான்கே விஷயங்கள்: எஃகின் முறுக்கு விறைப்பு, கம்பியின் பருமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கை. இவற்றில் எஃகைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஸ்பிரிங் எஃகு எதுவானாலும் அதன் முறுக்கு விறைப்பு சதுர மில்லிமீட்டருக்கு 79,000 நியூட்டன் அளவில்தான் இருக்கும். பதம் ஏற்றினாலும் இறக்கினாலும், ஆண்டுகள் ஓடினாலும், அது பெரிதாக நகராது. பதம் மாறினால் மாறுவது எஃகு எவ்வளவு சுமைவரை தாங்கித் திரும்பி வரும் என்பதுதான்.

மற்ற மூன்றும் வடிவம் சார்ந்தவை. சுருள்களின் எண்ணிக்கை கூடினால் அதே விகிதத்தில் விறைப்பு குறையும். சுருளின் விட்டம் இரட்டித்தால் விறைப்பு எட்டில் ஒன்றாகும். கம்பியின் பருமனோ நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. 4 மி.மீ. கம்பி, 24 மி.மீ. சராசரிச் சுருள் விட்டம், 30 சுருள் என்று ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டால் அதன் விறைப்பு 6.1 வரும். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, கம்பி மட்டும் 4.2 மி.மீ. என்றால் 7.4. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாத பருமன், விறைப்பை 22 சதவீதம் ஏற்றிவிடுகிறது. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் நீட்டும் இரண்டு ஸ்பிரிங்குகள் ஒன்றாக இல்லாமல் போவது இப்படித்தான். வெர்னியர் இல்லாமல் ஸ்பிரிங் வாங்கப் போகக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கும் காரணம் இதுவே.

பழைய ஸ்பிரிங் உண்மையிலேயே விறைப்பை இழக்கும் வழி ஒன்று உண்டு. துரு. ஆயில் சீல் கசிந்து, மழைநீர் உள்ளே இறங்கி, ஆண்டுக்கணக்கில் ஓரங்கட்டிக் கிடந்த வண்டியில் கம்பி 4 மி.மீ.-லிருந்து 3.9 மி.மீ.-க்குத் தேய்ந்திருந்தால் விறைப்பில் பத்து சதவீதம் போயிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து துரு தின்ற குழிகள். வளைந்த கம்பியில் தகைவு சமமாகப் பரவுவதில்லை. சுருளின் உட்பக்கத்தில்தான் மிகுந்திருக்கும். மேலே சொன்ன அளவுள்ள ஸ்பிரிங்கில் அது நேர்க்கம்பிக் கணக்கைவிட 25 சதவீதம் அதிகம். விரிசல் தொடங்குவதும் அங்கேதான். ஆகவே பழைய ஸ்பிரிங்கை எமரித் தாளால் துடைத்து, உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். குழி தென்பட்டால் அதைத் தூக்கிப் போடத் தயங்க வேண்டாம்.

குழி இல்லையா? அப்படியானால் நீளத்தை அளக்கும் நேரம். எல்லைக்குப் பக்கத்திலேயே மீண்டும் மீண்டும் அமுங்கும் எஃகு, ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பி வராமல் நின்றுவிடும். சாலையில் பல லட்சம் குழிகளைத் தாண்டியபின் அது பத்து, இருபது மில்லிமீட்டராகச் சேர்ந்திருக்கும். விறைப்பு அதேதான், தொடங்கும் இடம்தான் கீழே போய்விட்டது. இதற்கு மருந்து விறைப்பான ஸ்பிரிங் அல்ல. ஸ்பிரிங்கின் தலையில், இழந்த நீளத்துக்கு ஈடாக ஒரு பைப் துண்டு வைத்தால் போதும். லேத் பட்டறையில் சில நிமிட வேலை.

இப்படி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பதை முன்னழுத்தம் என்பார்கள். இதைச் சுற்றித்தான் மிகப் பெரிய குழப்பம் இருக்கிறது. பைப் துண்டு வைத்ததும் வண்டியின் முன்பக்கம் நிமிர்கிறது. உடனே "ஸ்பிரிங் ஹார்டாயிடுச்சு" என்கிறோம். ஆகவில்லை. 6.1 விறைப்புள்ள ஸ்பிரிங்கை 20 மி.மீ. அமுக்கி வைத்தால், முதல் 122 நியூட்டன் வரை ஃபோர்க் அசையாது, அவ்வளவே. அதைத் தாண்டியபின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 6.1 நியூட்டன்தான். ஆள் ஏறி உட்கார்ந்த வண்டி எப்போதுமே அந்த 122-ஐத் தாண்டித்தான் நிற்கும். ஆகவே முன்னழுத்தம் வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுகிறது. குழியில் விழும்போது ஸ்பிரிங் காட்டும் குணத்தை மாற்றுவதில்லை. குணத்தை மாற்றுவது விறைப்பு மட்டுமே.

அப்படியானால் நம் வண்டிக்கு எவ்வளவு விறைப்பு வேண்டும்? எடை போட்டால் தெரிந்துவிடும். குளியலறை எடை மேடை ஒன்று, அதே உயரத்துக்கு ஒரு பலகை, நண்பர் ஒருவர், இவ்வளவே தேவை. முன் சக்கரத்தை மேடையிலும் பின் சக்கரத்தைப் பலகையிலும் ஏற்றி, ஓட்டுபவர் வழக்கம்போல் உட்கார வேண்டும். நண்பர் வண்டி சாயாமல் ஒரு விரலால் தாங்கிக்கொண்டால் போதும். அதற்கு மேல் பிடித்தால் கணக்கு பிசகும். மேடை 105 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் சக்கரம், டயர், பிரேக் டிரம், ஆக்ஸில், ஃபோர்க்கின் கீழ்க்குழல்கள் எல்லாம் சாலையின் மேல் நேராக நிற்பவை. ஸ்பிரிங்குக்கு அவற்றின் சுமை இல்லை. அதற்கு 20 கிலோ கழித்தால் 85. ஃபோர்க் சாய்ந்திருப்பதால் இந்தச் சுமை முழுதும் அதன் அச்சின் வழியே இறங்காது. 27 டிகிரி சாய்வில் பத்தில் ஒன்பது பங்குதான் இறங்கும். அதை இரண்டு கால்களுக்கும் பிரித்தால் ஒரு காலுக்கு ஏறத்தாழ 370 நியூட்டன்.

6.1 விறைப்புள்ள ஸ்பிரிங் இந்தச் சுமைக்கு 61 மி.மீ. அமுங்கும். அதில் 20 மி.மீ. முன்னழுத்தமாக ஏற்கெனவே அமுங்கியிருந்தால் ஆள் ஏறியதும் ஃபோர்க் 41 மி.மீ. இறங்கும். ஃபோர்க் முழுதாக அமுங்கக்கூடிய தூரம், அதாவது மொத்த ஓட்டம், 130 மி.மீ. என்றால் அது 31 சதவீதம். சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த இறக்கம் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கீழே குழி வந்தால் சக்கரம் இறங்கிப்போய்த் தரையைத் தொட இந்த மூன்றில் ஒரு பங்கு வேண்டும். மேடு வந்தால் ஏறிக்கொள்ள மீதி வேண்டும்.

இனி அதே ஸ்பிரிங் 20 மி.மீ. குட்டையாகியிருந்தால்? முன்னழுத்தம் பூஜ்யம், இறக்கம் 61 மி.மீ. ஏறி உட்கார்ந்த உடனேயே பாதி ஓட்டம் போயாயிற்று. அடுத்து பிரேக். புவியீர்ப்பில் 0.4 மடங்கு வேகக்குறைப்பு, அதாவது பழைய டிரம் பிரேக்கை நன்றாக இறுக்கிப் பிடித்த நிலை. ஆளும் வண்டியும் சேர்ந்து 240 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ., இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடைத்தூரம் 1,370 மி.மீ. என்றால் 45 கிலோவுக்குச் சற்று மேல் பின்னாலிருந்து முன்னால் பெயர்கிறது. சாய்ந்த ஃபோர்க்கை பிரேக் விசையும் தன் பங்குக்குப் பின்னோக்கித் தள்ளி அமுக்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு காலுக்கு ஏறத்தாழ 340 நியூட்டன், அதாவது இன்னும் 56 மி.மீ. ஏற்கெனவே இறங்கிய 61-உடன் சேர்த்தால் 117. மிச்சம் 13 மி.மீ. அந்த நேரத்தில் ஒரு குழி வந்தால் ஃபோர்க் "டங்" என்று அடிக்கும். மெக்கானிக் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். பைப் துண்டு வைத்து 20 மி.மீ. முன்னழுத்தத்தைத் திரும்பக் கொடுத்தால் மிச்சம் 33 மி.மீ. ஆகிறது. பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு இந்த வித்தியாசமே போதும்.

போதாதவர்களும் உண்டு. மலைச் சாலையில் வேகமாக இறங்குபவர்கள், முன் பிரேக்கை டிஸ்க்காக மாற்றியவர்கள், கனத்த கிராஷ் கார்டும் விளக்குகளும் முன்னால் மாட்டியவர்கள். இவர்கள் 7.4 விறைப்புள்ள ஸ்பிரிங்கைப் பார்க்கலாம். 15 மி.மீ. முன்னழுத்தத்தோடு ஆள் ஏறினால் இறக்கம் 35 மி.மீ.; அதே பிரேக்கில் இன்னும் 46; மிச்சம் 49 மி.மீ. இதற்கு மேலும் விறைப்பாகப் போக எனக்கு மனம் வருவதில்லை. உடம்பு பருமன் அதற்குக் காரணமாக முடியாது. 75 கிலோ ஆளுக்குப் பதில் 100 கிலோ ஆள் உட்கார்ந்தாலும் முன் சக்கரத்தில் பத்து கிலோ அளவில்தான் கூடும். இறக்கத்தில் அது 7 மி.மீ. பின்னால் உட்காருபவரின் எடையோ பின் சக்கரத்தோடு போய்விடுகிறது. "குடும்பத்தோட போறேன், முன்னாடி ஹார்டா வேணும்" என்று கேட்பவர்கள் பின் ஷாக்கப்சரைத்தான் பார்க்க வேண்டும்.

விறைப்பை ஏற்றினால் நாம் கொடுக்கும் விலை என்ன? ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எடை தன்பாட்டுக்கு ஆடும் வேகம், அதாவது இயல்பு அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்தைத் தொடர்ந்து கூடும். நம் உதாரணத்தில் 6.1 ஸ்பிரிங்கில் அது நொடிக்கு 2.1 முறை; 7.4-ல் 2.4. மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிக அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறைக்குள். அந்த எல்லையை நெருங்க நெருங்கக் களைப்பு கூடும். முன்னங்கைகள் மரத்துப்போகும் வரை விறைப்பை ஏற்றிவிட்டு அதையே "ஸ்டேபிளா இருக்கு" என்று பாராட்டுவதை நான் ஏற்பதில்லை. சக்கரம் மேட்டில் ஏறி எகிறிக் காற்றில் நிற்கும் நேரமெல்லாம் பிரேக்கும் பிடிக்காது, வளைவும் எடுக்காது. டயரைத் தரையோடு வைத்திருப்பதுதான் ஸ்பிரிங்கின் முதல் வேலை. சொகுசு அதற்கு அடுத்ததுதான்.

இந்தக் கணக்கில் இரண்டு பேரை விட்டுவிட்டேன்: காற்று, ஆயில். ஆயில் மட்டத்துக்கு மேல் ஃபோர்க் குழலுக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். 35 மி.மீ. குழலில் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் ஒரு காலில் ஏறத்தாழ 195 நியூட்டன் கூடுதல் எதிர்விசை கிடைக்கும். ஓட்டத்தின் தொடக்கத்தில் இது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கடைசியில்தான் கிடுகிடுவென ஏறும். ஃபோர்க் கடைசியில் மட்டும் அடிக்கிறது, மற்றபடி நன்றாக ஓடுகிறது என்றால் ஸ்பிரிங்கைத் தொடாமல் ஆயில் மட்டத்தைச் சற்று உயர்த்திப் பார்க்கலாம். ஐந்து ஐந்து மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும். கண்டபடி ஊற்றினால் அழுத்தம் ஆயில் சீலைத் தள்ளிவிடும். ஆயிலின் இன்னொரு வேலை ஆட்டத்தைத் தணிப்பது. விறைப்பான ஸ்பிரிங் அதிக விசையோடு திரும்பி எழும் என்பதால் தணிப்பும் கூட வேண்டும். ஆனால் 22 சதவீத விறைப்புக்குத் தணிப்பு 10 சதவீதம் கூடினால் போதும். "ஹார்ட் ஸ்பிரிங்குக்குக் கெட்டி ஆயில்" என்று இரண்டு மடங்கு கெட்டியான ஆயிலை ஊற்றினால் தொடர்ந்து வரும் மேடுகளில் ஃபோர்க் எழ நேரமில்லாமல் கீழேயே ஒட்டிக்கொள்ளும்.

பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஹைட்ராலிக் தணிப்புள்ள டெலிஸ்கோபிக் ஃபோர்க்கைத் தொடர் உற்பத்தி வண்டியில் பி.எம்.டபிள்யூ. 1935-ல் கொண்டுவந்தது, உலகப் போருக்குப் பிறகு பெரும்பாலான பிரிட்டிஷ் கம்பெனிகள் அதற்கு மாறின. அப்போது சைட்கார் சாதாரணம். எனவே தனி வண்டிக்கு ஒரு ஸ்பிரிங், சைட்கார் மாட்டிய வண்டிக்கு விறைப்பான வேறொரு ஸ்பிரிங் என்று கம்பெனிகளே இரண்டு வகை கொடுத்தன. என்ஃபீல்டு இந்தியா 1955-ல் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியபின் பல பதிற்றாண்டுகள் ஓடிவிட்டன. கைமாறிக் கைமாறி வந்த வண்டிக்குள் இப்போது யார் போட்ட எந்த ஸ்பிரிங் இருக்கிறது என்பதை வண்டியின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. இடது காலில் ஒன்றும் வலது காலில் வேறொன்றுமாகக்கூட இருக்கலாம். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ பழைய ஸ்பிரிங் குவியலில் கை விடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குவியலிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கின் விறைப்பைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். லேத் பட்டறையில் நிற்கிற டிரில்லிங் மிஷின் போதும். அதன் மேடையில் எடை மேடையை வைத்து, அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்துங்கள். நீண்ட ஸ்பிரிங் நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளையும். அதனால் உள்ளே ஒரு தளர்ந்த கம்பியைச் செருகிக்கொள்வது நல்லது. மிஷினின் கைப்பிடியால் 20 மி.மீ. அமுக்கி எடையைக் குறியுங்கள். இன்னும் 50 மி.மீ. அமுக்கி மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 31 கிலோ என்றால் விறைப்பு 6.1. முதல் சில மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம், முனைச் சுருள்கள் அப்போதுதான் சரியாக உட்காருகின்றன. சுருளை எண்ணிக் கணக்குப் போடுபவர்களும் இரு முனையிலும் தட்டையாக்கப்பட்ட ஒவ்வொரு சுருளைக் கழித்துவிட வேண்டும். அவை வேலை செய்வதில்லை.

பணம் செலவழிக்காமல் விறைப்பை ஏற்றப் பட்டறைகளில் ஒரு வழி உண்டு: சுருளை வெட்டுவது. 30 சுருளில் 5-ஐ வெட்டினால் 25, விறைப்பு 6.1-லிருந்து 7.3 ஆகும். வெட்டிய நீளத்துக்கு பைப் துண்டு வைத்துவிடலாம். இயற்பியல் இதை அனுமதிக்கிறது. ஆனால் சுருள்களுக்கு இடையே இருந்த இடைவெளியிலும் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் இடைவெளிகளைக் கூட்டினால் வருவது ஃபோர்க்கின் முழு ஓட்டத்தையும் முன்னழுத்தத்தையும் சேர்த்ததைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டம் முடியுமுன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, ஸ்பிரிங் வெறும் இரும்புத் தூணாகிவிடும். அதே ஓட்டத்தைக் குறைந்த சுருள்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொரு சுருளும் கூடுதலாக முறுக்கப்படும்; எனவே வெட்டிய ஸ்பிரிங் சீக்கிரம் குட்டையாகும். வெட்டத்தான் வேண்டும் என்றால் கிரைண்டரின் கட்டிங் வீலால், தண்ணீர் விட்டு, மெதுவாக வெட்டுங்கள். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி முனையை மடக்குவதைப் பல இடங்களில் செய்கிறார்கள். அந்த இடத்தில் பதம் போய், ஸ்பிரிங் ஒருநாள் அங்கேயே உடையும்.

ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங்குகளும் விற்கின்றன. நெருக்கமான சுருள்கள் முதலில் மூடிக்கொள்ள, அமுங்க அமுங்க விறைப்பு கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய ஃபோர்க்கில் தணிப்பு என்பது சில துளைகளின் வழியே ஆயில் பாய்வது மட்டுமே. அதை ஏதாவது ஒரு விறைப்புக்குத்தான் பொருத்த முடியும். விறைப்பு ஓட்டம் முழுதும் மாறிக்கொண்டே இருந்தால் தொடக்கத்தில் தணிப்பு அதிகமாகவும் கடைசியில் பற்றாமலும் போகும். காற்று ஏற்கெனவே கடைசியில் விறைப்பை ஏற்றித் தருகிறது. ஆகவே சீராகச் சுற்றிய ஸ்பிரிங்கே என் தேர்வு.

வாங்கிய புது ஸ்பிரிங்கை உடனே மாட்டிவிட வேண்டாம். நல்ல தயாரிப்பாளர்கள் ஸ்பிரிங்கை வேண்டியதைவிடச் சற்று நீளமாகச் சுற்றி, முழுவதும் மூடும்வரை சில முறை அமுக்கி, அதன் முதல் குட்டையாதலைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடுவார்கள். அது நடந்திருக்கிறதா என்று வைஸில் வைத்துத் தெரிந்துகொள்ளலாம்: நீளத்தை அளந்து, சுருள்கள் முட்டும்வரை மூன்று நான்கு முறை அமுக்கி, மறுபடி அளந்தால் போதும். ஓரிரு மில்லிமீட்டர் குறைந்தால் பாதகமில்லை. பத்து மில்லிமீட்டர் குறைந்தால் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

மாட்டியபின் இறக்கத்தை மறுபடி அளக்க வேண்டும். புதிய வண்டிகளில் ஃபோர்க் குழலில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி அது எங்கே நகர்கிறது என்று பார்ப்பார்கள். பழைய புல்லட்டில் குழலைத் தகர உறை மூடியிருப்பதால் அது நடக்காது; உறையின் கீழ் விளிம்பிலிருந்து ஆக்ஸில் நட்டின் மையம் வரை டேப்பால் அளப்பதே வழி. சக்கரம் தொங்க ஒரு அளவு, ஆள் உட்கார்ந்தபின் ஒரு அளவு. ஆள் உட்கார்ந்ததும் வண்டியை ஒருமுறை கீழே அமுக்கி மெதுவாக எழவிட்டு அளந்து, பிறகு தூக்கி மெதுவாக இறங்கவிட்டும் அளந்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். அந்த இரு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஃபோர்க்கின் உராய்வைச் சொல்லும். அது பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் பயனில்லை. வளைந்த குழல், தேய்ந்த புஷ், ஆக்ஸிலை இறுக்கும்போது சாய்ந்துவிட்ட கால்கள் ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். இறக்கம் கால் பங்குக்கும் குறைவாக இருந்து, ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டி இறங்கும்போது மேலே "டக்" என்று சத்தம் கேட்டால் முன்னழுத்தம் அதிகம். பைப் துண்டில் ஐந்து மில்லிமீட்டர் குறைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.